ஸ்லீப்பிங் பேக்கில் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

வேளச்சேரியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். டிசம்பரில் தோழிகளோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்கு ட்ரெக்கிங் போகிறார். அது முடிந்ததும் கொடைக்கானல், மூணாறு பக்கம் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தாங்களாகவே சுற்ற ஆசை. எடை குறைந்த, வசதியான ஸ்லீப்பிங் பேக் ஒன்று வேண்டும். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. கடையில் மூன்று பைகளைப் பார்த்திருக்கிறார். ஒன்றில் +5 டிகிரி என்றும், இன்னொன்றில் 0 என்றும், மூன்றாவதில் மைனஸ் 10 என்றும் போட்டிருக்கிறது. அந்த மைனஸ் 10 பைதான் மூன்றிலும் எடையும் குறைவு, விலையும் குறைவு. எதை நம்புவது என்பது அவர் கேள்வி. ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் உண்டு, பாதம் சீக்கிரம் சில்லிட்டுவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி, அந்த மைனஸ் 10 பையை வாங்காதீர்கள். எடையும் விலையும் குறைவாக இருந்துகொண்டு குளிரை மட்டும் அதிகமாகத் தாங்கும் பை கிடையாது. அந்த எண் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. அது வேறு ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

ஸ்லீப்பிங் பேக்குக்கு முறையான சோதனை இருக்கிறது. ஐரோப்பாவில் 2002-ல் இஎன் 13537 என்ற தரமாக வந்தது. 2016-ல் ஐஎஸ்ஓ 23537 ஆனது. மனித உடல்போலச் சூடாகும் பொம்மை ஒன்றுக்கு உள்ளாடையும் சாக்ஸும் போட்டு, பைக்குள் வைத்து, தரையில் விரிக்கும் மேட் மேல் படுக்கவைத்து, குளிர் அறையில் அளக்கிறார்கள். அதிலிருந்து முக்கியமாக மூன்று எண்கள் கிடைக்கும். முதலாவது கம்ஃபர்ட்: சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்தி, குளிரில்லாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது லிமிட்: சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய நிலை. மூன்றாவது எக்ஸ்ட்ரீம்: அந்தக் குளிரில் ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கலாம் என்ற எல்லை. அங்கே தூக்கம் என்ற பேச்சே இல்லை, உறைகுளிர் கை காலைத் தாக்கவும் கூடும்.

ஒரே பைக்கு கம்ஃபர்ட் +5, லிமிட் 0, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15 என்பதுபோல வரும். மூன்றில் எதைப் பெரிதாக அச்சிடுவது என்பது விற்பவர் விருப்பம். டெகாத்லான் பைகளில் பொதுவாக கம்ஃபர்ட் எண்ணைப் போடுகிறார்கள். பல பைகளில் லிமிட் எண்தான் முன்னால் இருக்கும். மலிவான பைகள் சிலவற்றில் சோதனையே இருக்காது, தயாரித்தவரே ஓர் எண்ணை எழுதிவிடுகிறார். அதனால் கடையில் உள்ள லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கம்ஃபர்ட் என்ற சொல்லும் அதற்கு எதிரே ஓர் எண்ணும் இல்லை என்றால் பையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

இதை நான் கற்ற இடம் சந்தக்பூ. மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். நவம்பரில் போயிருந்தேன். நகரத்தில் ஒரு கடையில் வாங்கிய, 'மைனஸ் 5' போட்ட 900 கிராம் பை கையில். இரவு ஒன்பது மணிக்குப் படுத்து, பதினொன்றுக்கு ஜெர்கினைப் போட்டு, ஒரு மணிக்கு மழைக்கோட்டையும் மேலே போட்டு, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காலையில் கஞ்சன்ஜங்கா பொன் நிறத்தில் எழுந்தபோது அதைப் பார்க்கும் தெம்பு இல்லை. அந்தப் பையின் உள்தையலில் இருந்த சின்ன லேபிளை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் படித்தேன். மைனஸ் 5 அதன் எக்ஸ்ட்ரீம் எண். கம்ஃபர்ட் +11.

எடை குறைந்த பை என்று தேடும்போது நாம் எல்லோரும் இந்தக் குழியில்தான் விழுகிறோம். குளிருக்கான எண்ணை முதலில் முடிவு செய்யுங்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். அதற்குப் பிறகு, அந்த எண்ணுக்குள் கிடைப்பதில் எது எடை குறைவு என்று தேடுங்கள்.

சரி, எந்த எண்? முதலில் ஒரு நல்ல செய்தி. கேதார்காந்தாவுக்காக நீங்கள் பை வாங்க வேண்டியதே இல்லை. 3,810 மீட்டர் உயரம், டிசம்பர் மாதம், பனியின் மேல் கூடாரம். இரவு பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இறங்கும். அந்தக் குளிருக்கு உண்மையிலேயே பொருந்தும் பை உங்கள் 8,000-க்குள் வராது. குழுவாக அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் பையும் மேட்டும் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்தில் வாடகைக்குக் கிடைக்கும். பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைப் பையைப் பலர் உபயோகித்திருப்பார்கள் என்பதால் உள்ளே போட ஒரு லைனர், அதாவது மெல்லிய துணி உறை, மட்டும் கொண்டு போங்கள்.

வாங்கப்போகும் பை நம் பக்கத்து மலைகளுக்கானது. அதற்கு ஒரு வீட்டுக் கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மார்கழி, தை இரவுகளில் சென்னையில் 21 டிகிரி போல இருக்கும். ஏலகிரி 1,100 மீட்டர், ஏழு டிகிரி குறைந்தால் 14. மூணாறு 1,500 மீட்டர், அங்கே 11. கொடைக்கானல் 2,100 மீட்டர், அங்கே 7 அல்லது 8. இது ஊருக்குள் உள்ள கணக்கு. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். மன்னவனூர் மாதிரியான புல்வெளிகளில் கணக்கைவிட இன்னும் நான்கைந்து டிகிரி குறையலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்லின்மேல் உறைபனி படிவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நமக்கு 'பனி' என்றால் விடியற்காலையில் வண்டி சீட்டில் நிற்கும் ஈரம், அங்கே அதே சொல் வேறு பொருளில் இருக்கிறது.

எனவே உங்களுக்கு கம்ஃபர்ட் +5 போட்ட பை. 0 வேண்டாமா என்றால், வேண்டாம். வருடத்தில் ஏழெட்டு இரவு பயன்படும் பைக்காக ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ கூடுதலாகச் சுமப்பீர்கள். ஏலகிரியில் அதற்குள் வியர்த்துப்போகும். வியர்வை ஊறிய பை விடியற்காலையில் குளிரும். எப்போதாவது 2 டிகிரி வந்துவிட்டால் லைனர், உலர்ந்த உடை, குரங்குக் குல்லா சேர்த்துச் சமாளித்துவிடலாம். உடையில்லாமல் படுத்தால்தான் பை சூடாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். உலர்ந்த உடை எப்போதும் உதவும். பை உள்ளிருந்து இறுகிப்போகும் அளவுக்கு மட்டும் அடைத்துக்கொள்ளக் கூடாது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் காட்டுக்குள் நாமாகக் கூடாரம் போட முடியாது. வனத்துறை 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளும் பெரும்பாலும் பகலில் போய் இறங்குபவைதான். ஆக உங்கள் இரவுகள் பூம்பாறை பக்கம் ஒரு ஹோம்ஸ்டே திண்ணையிலோ, தனியார் எஸ்டேட்டில் அனுமதியோடு போட்ட கூடாரத்திலோதான் கழியும். இதுவும் +5 போதும் என்பதற்கு ஒரு காரணம்.

இப்போது உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது. ஸ்லீப்பிங் பேக் சூடு தராது. உங்கள் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதைச் செய்வது அடைத்த பொருள்கூட அல்ல, அதன் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று. வீட்டில் பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் யோசித்துப் பாருங்கள். நாளாக ஆகத் தட்டையாகி, கட்டாந்தரை மாதிரி ஆகிவிடும். மொட்டை மாடியில் ஒருநாள் வெயிலில் போட்டுத் தட்டினால் உப்பி எழும். பஞ்சு அதே பஞ்சுதான், அதற்குள் போன காற்றுதான் புதிது. ஸ்லீப்பிங் பேக்கில் நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த உப்பலைத்தான்.

டவுன் என்பது வாத்து அல்லது கூஸ் பறவையின் மார்பில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. அதன் தரத்தை ஃபில் பவர் என்ற எண்ணால் சொல்கிறார்கள்: 550, 650, 800 என்று. ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் இடத்தை உப்பி நிரப்புகிறது என்பதே அந்த எண். 800 என்றால் ஏறக்குறைய 13 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனில் பாதிக்கும் மேல், வெறும் 28 கிராமில் நிரம்பிவிடும். எடை குறைவுக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஃபில் பவர் தரம் மட்டும்தான், அளவு அல்ல. 800 தூவி 200 கிராம் அடைத்த பையைவிட 650 தூவி 400 கிராம் அடைத்த பை அதிகச் சூடு பிடிக்கும். இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

சிந்தெட்டிக் என்பது பாலியெஸ்டர் இழை. அதே சூட்டுக்கு டவுனைவிட எடை கூடுதல், மடித்தாலும் இடம் அடைக்கும். சில வருடங்கள் அமுக்கி அமுக்கி வைத்தால் இழை ஒடிந்து உப்பல் குறையும். ஆனால் ஈரத்தில் கைவிடாது. டவுன் நனைந்தால் ஊறிய பஞ்சுபோல உருண்டுவிடும், சூடு போய்விடும். சிந்தெட்டிக் பாதி நனைந்தாலும் கொஞ்சம் காப்பாற்றும், சீக்கிரம் காயும், துவைப்பது எளிது.

உங்களுக்கு நான் சொல்வது சிந்தெட்டிக். 8,000 ரூபாயில் நல்ல டவுன் பை கிடைப்பது கடினம், சுமாரான டவுன் பையில் தூவியைவிட முள்ளுள்ள இறகுதான் அதிகம் இருக்கலாம். கொடைக்கானலும் மூணாறும் ஈரமான மலைகள், மூடுபனி கூடாரத்துக்குள்ளேயே வரும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள்ளேயே துணி பூஞ்சை பிடிக்கிறது. கம்ஃபர்ட் +5 சிந்தெட்டிக் பை ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைத்தால் நல்ல பை. வருடத்துக்கு இரண்டு முறை இமயம் போகும் நிலை வரும்போது டவுன் பற்றி மறுபடி யோசிக்கலாம். பறவையின் தூவியே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் இதுதான் வழி, அதில் எந்தக் குறையும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் குளிரில் நடுங்குவது இதனால்தான். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. காற்று இல்லை, உப்பல் இல்லை. மேலே எவ்வளவு நல்ல பை இருந்தாலும் கீழே தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைத் தடுப்பது மேட். மேட்டின் தடுப்புத் திறனுக்கு ஆர்-வேல்யூ என்று பெயர். மடிக்கிற நுரை மேட்டுகள் 2 பக்கம் இருக்கும், நம் மலைகளுக்கு அது சரி. பனியில் படுக்க 4 அல்லது 5 வேண்டும். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் எண்ணும் கூடிவிடும். அதனால் 8,000 முழுவதையும் பைக்கே கொடுக்காமல் 1,500, 2,000 ரூபாயை மேட்டுக்கு ஒதுக்குங்கள். நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், இடுப்பெலும்பும் தோளும் தரையில் குத்தும். நுரை மேட்டில் இரண்டு இரவு படுத்துப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் காற்றடைக்கிற மேட்டுக்கு மாறலாம்.

கடையில் எடுத்தவுடன் கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பாருங்கள். தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகும் மம்மி வடிவம்தான் எடைக்கும் சூட்டுக்கும் சிறந்தது. செவ்வகப் பை வசதிதான், ஆனால் உள்ளே இருக்கும் காலி இடத்தையும் உங்கள் உடம்பே சூடாக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்குங்கள். முழங்கால் துணியை இழுத்துத் தள்ளினால் அங்கே பஞ்சு நசுங்குகிறது என்று பொருள், விடிகாலையில் அங்கேதான் குளிரும். கொஞ்சம் அகலமான மம்மியைப் பாருங்கள், நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை. எடைக்காக நான் விட்டுக்கொடுக்காத இன்னோர் இடம் இது. அப்புறம் கால். விரல் நுனி பையின் அடியை முட்டக் கூடாது, ஒரு சாண் அளவாவது இடம் இருக்க வேண்டும். உங்களுக்குப் பாதம் சில்லிடுகிறது என்பதால் இதை இரண்டு முறை பாருங்கள். அதேசமயம் மிக நீளமான பையும் வேண்டாம்.

ஜிப்பை உள்ளிருந்து, கண்ணை மூடிக்கொண்டு, பத்து முறை திறந்து மூடுங்கள். துணியைக் கடித்தால் அந்தப் பை வேண்டாம். நள்ளிரவில் ஒதுங்க வேண்டியிருக்கும்போது சிக்கிய ஜிப் எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கால்பக்கத்திலிருந்தும் திறக்கிற ஜிப் நம்மைப் போன்ற வெப்ப ஊர்க்காரர்களுக்கு மிக உபயோகம், ஏலகிரியில் பாதத்தை வெளியே விட்டுக்கொண்டு தூங்கலாம். ஜிப்பின் உள்பக்கம் முழு நீளத்துக்கும் பஞ்சு அடைத்த ஒரு பட்டை இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பல் இடுக்கு வழியாகக் காற்று வரும். கடைசியாக, லேபிளில் உள்ள எடையை அப்படியே ஏற்காமல் தராசில் வைக்கச் சொல்லுங்கள். உறையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதிலேயே நூறு கிராம் வித்தியாசம் வரலாம்.

லைனரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய நாலு முழ வேட்டியையோ அம்மாவின் நூல் புடவையையோ இரண்டாக மடித்து, அடியும் பக்கமும் தைத்தால் லைனர் தயார். சூட்டைப் பெரிதாக அதிகரிக்காது. ஆனால் வியர்வையும் தலையில் வைத்த தேங்காய் எண்ணெயும் பையில் ஏறாமல் காக்கும். எண்ணெய் ஏறினால் பஞ்சு ஒட்டி உப்பல் போய்விடும், பையின் தலைப்பக்கம்தான் முதலில் கெடும். பயணத்துக்கு முந்தைய நாள் தலைக்குக் குளித்துவிட்டு, அந்த வாரம் எண்ணெயைத் தவிர்ப்பதுகூட நல்லது.

வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். சுருட்டி அமுக்கிய நிலையில் மாதக்கணக்கில் வைப்பதுபோல ஸ்லீப்பிங் பேக்குக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஒருநாள் நிழலில் காற்றாட விட்டு, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டுப் பரணில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பாச்சை உருண்டையும் போடாதீர்கள், அந்த வாடை போகவே போகாது, நீங்கள் முகம் புதைத்துத் தூங்க வேண்டிய இடம் அது. துவைப்பது வருடத்துக்கு ஒரு முறை போதும், அதுவும் மழை மாதங்களில் வேண்டாம். பங்குனி, சித்திரையில் தொட்டியில் மென்மையான சோப்பு நீரில் மிதித்து அலசி, தூக்கும்போது ஒரு நுனியைப் பிடித்துத் தூக்காமல் குழந்தையை ஏந்துவதுபோல அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். நனைந்த எடையில் உள்தையல் பிய்ந்துவிடும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேதார்காந்தா போகும் முன் நவம்பர் கடைசியில் ஒரு வார இறுதி கொடைக்கானல் போய்வாருங்கள். ஹோம்ஸ்டே திண்ணையில் மேட்டை விரித்து, புதுப் பைக்குள் ஓர் இரவு படுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டு, ஒதுங்கிவிட்டு, உலர்ந்த சாக்ஸ் மாற்றிக்கொண்டு படுங்கள். வெந்நீர் பாட்டிலை இறுக மூடி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் கால்பக்கம் வையுங்கள். மூச்சைப் பைக்குள் விடாதீர்கள், மூக்கு வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் காலையில் உள்ளே ஈரம் கோத்திருக்கும். தாங்க முடியவில்லை என்றால் உள்ளே அறை இருக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை. எந்த வெப்பநிலையில் விழிப்பு வந்தது, முதலில் எங்கே குளிர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் சோதித்தது ஒரு பொம்மையை. உங்கள் உடம்பின் எண் அதிலிருந்து சில டிகிரி தள்ளி இருக்கலாம், அதை அந்த ஓர் இரவு சொல்லிவிடும். என் பையின் உள்பக்கம் ஒரு துணித் துண்டில் எழுதித் தைத்து வைத்திருக்கிறேன்: '8 டிகிரி வரை பை மட்டும், 5 வரை லைனரும் குல்லாவும், அதற்குக் கீழே இரண்டாவது மேட்.'